கிளைமாக்ஸ் பார்க்காத மாஸ்டர்

"இதையாடா நல்ல படம்னு சொன்ன? அந்தப் பொண்ணை நாலு அப்பு அப்பணும்போல இருந்துச்சு எனக்கு."

போனில் அப்பாவின் குரல் அதிர்ந்தது. மகன் தியேட்டர் நடைபாதையில் சுவரோரமாக ஒதுங்கினான்.

"முழுசா பாத்தீங்களாப்பா?"

"ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன்டா. உங்கம்மாவைக் கேளு."

வெளிநாட்டில் ஒரு தியேட்டரில் அவனுக்கு வேலை. என்ன வேலை என்று வீட்டில் கேட்டால், "படம் ஓடுற இடத்தைப் பாத்துக்கணும்" என்பான். என் பையன் படம் பார்க்கவே சம்பளம் வாங்குகிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். எந்தப் படம் வந்தாலும் குடும்பக் குரூப்பில் அவன் விமர்சனம் வந்துவிடும். கை ஓயாத வேலை என்பதால் போனிடம் பேசியே டைப் பண்ணி அனுப்புவான். சினிமா விஷயத்தில் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

இந்தத் தடவை அனுப்பியது வெறும் விமர்சனம் இல்லை. "ஊருக்கு வெளிய வீடு கட்டிப் போன ஒரு குடும்பம். அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சண்டை. கடைசியில கண்ணுல தண்ணி வந்துடும். உடனே போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு, அப்பா படித்துவிட்டாரா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

காரணம் அக்கா. அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவரிடமே வண்டி பழகி, அவர் ஸ்கூலிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, பக்கத்துத் தெருவில் தனியாக ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறாள். நாளைக் காலையில் திறப்பு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. திறப்புக்கும் வர மாட்டேன் என்றுவிட்டார்.

"கிளைமாக்ஸ் பாத்தீங்களாப்பா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "எங்கடா பாக்க விட்டாரு? எல்லாரும் மூக்கு சிந்த ஆரம்பிச்சதும், 'எந்திரி, கூட்டம் வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துடணும்'னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒரு படத்துக்கும் முடிவு பாத்ததில்ல."

"பார்க்கிங்ல மாட்டினா அப்புறம் நகரவே முடியாதுடி. என்ன பெரிய முடிவு? செத்திருப்பான், இல்லன்னா சேந்திருப்பான்."

"சேந்துடுறாங்கப்பா," என்றான் மகன் அவசரமாக. "அந்த அப்பா பொண்ணு வீட்டுக்குப் போறாரு. கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு, ரொம்ப நேரம். பெல் அடிக்கக் கை வரல. கேட்டுல தாழ்ப்பாள் ஆடிக்கிட்டிருக்கு. பாக்கெட்லேர்ந்து ஸ்க்ரூ டிரைவர எடுத்து அதை முடுக்க ஆரம்பிக்கிறாரு. சத்தம் கேட்டுப் பொண்ணு வெளிய வர்றா. ஒரு வார்த்தை பேசல. அவரு கைக்கு நேரா டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ்வளவுதான்."

அப்பாவின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"அவனா போனான்?"

"அவர்தான். தப்பு அவர் மேலதானேப்பா. அதான் போறாரு."

"என்னடா உளர்ற? அவன் என்ன தப்பு பண்ணான்? அப்பன் கையெழுத்த இவளே போட்டு அந்த வீட்டையே வித்துட்டா. கட்டில் பீரோ எல்லாம் ரோட்டுல கெடக்கு. இன்டர்வெல்லே அதுதானே. நீ என்னத்தப் பாத்த?"

"எனக்கு... கிளைமாக்ஸ்தான் மனசுல நின்னுச்சுப்பா."

"அந்த மாமன் வேஷம் கட்டினவன் எப்படிடா?" என்றாள் அம்மா.

"மாமனா? ஆங்... பாவம்மா அந்த மனுஷன்."

"பாவமா? அந்தப் பொண்ணை ஏத்தி விட்டுக் குடும்பத்தையே கெடுத்தவன்டா அவன்."

நல்லவேளை, மாஸ்டர் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. "இவ்வளவு பண்ணவ வீட்டு வாசல்லயா அவன் போய் நின்னான்?" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல.

"ஆமாப்பா."

"நிஜமா? நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்பா. ஒரு தடவை இல்ல, பல தடவை."

அப்பாவின் குரல் இறங்கி வந்தது. "நம்மவ அப்படி என்னடி பண்ணிட்டா? ஒரு ஸ்கூலு. வேறென்ன?"

"இதைத்தான் நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

"காலையில எட்டு மணிக்கே கிளம்பணும். அந்தத் தெருவுல வண்டி நிறுத்த இடமே கிடையாது. இடம் பாக்கும்போது அதைக்கூட யோசிக்கல அவ. யாராவது எடுத்துச் சொல்ல வேணாமா? ஆமா, நம்ம ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?"

"அது எதுக்கு?"

"இருக்கட்டும். புதுக் கடை. ஏதாவது ஆடிக்கிட்டிருக்கும்."

"அங்கயும் போயி, கூட்டம் வருதுன்னு பாதியில என்னை இழுத்துட்டு வராதீங்க."

"கடைசி வரைக்கும் இருக்கேன்டி, போதுமா? பையன் முழுப் படத்தையும் பாத்துட்டுச் சொல்றான். நான்தான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

போனை வைத்தான். அடைத்திருந்த கதவுக்கு அப்பால், மேட்னி கூட்டம் மூக்கு சிந்தும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்தையும் குப்பைப் பையையும் எடுத்துக்கொண்டான். ஆட்டம் விட்டதும் சிந்திக்கிடக்கும் பாப்கார்னைப் பெருக்குவதற்காக, தினமும் போல இந்தக் கிளைமாக்ஸுக்குத்தான் கதவைத் திறந்து உள்ளே போய் ஓரமாக நின்றான்.

திரையில் அந்த அப்பா, பெல் அடிக்காமல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் ஏன் அவ்வளவு நேரம் தயங்குகிறார் என்று அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.