பொரியின் சந்தேகம்

பருவம் வந்ததும் பொரி என்ற ஆண் முயலுக்குத் தலைகால் புரியவில்லை. சோபாக் காலிலிருந்து அதை வளர்த்த ஏகாம்பரத்தின் செருப்புவரை எல்லாவற்றிலும் மூத்திரம் பெய்து, "இது என்னோடது!" என்றது. யாராவது கிட்டே வந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது, கடித்தும் வைத்தது. பொறுத்துப் பார்த்த ஏகாம்பரம், அதைப் பிரம்புக் கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காயடித்துக் கூட்டிவந்தார்.

ஒரு மாதத்தில் பொரி அடங்கிவிட்டது. சோபாக் கால் இப்போது வெறும் கட்டையாகத்தான் தெரிந்தது.

"இதுக்காகவா அவ்வளவு சண்டை போட்டேன்?" என்று கூடையிடம் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? தூக்கிட்டுப் போறதோட என் வேலை முடிஞ்சுது" என்றது கூடை.

அப்போது வாசலில் ஒரே சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார். ஏகாம்பரம் மூக்கு விடைக்க இங்குமங்கும் நடந்தார். காலால் தரையை ஓங்கி உதைத்தார். "இது என் இடம்யா! என் இடம்!"

பொரிக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. குழப்பத்தோடு கூடையை ஒருமுறை சுற்றிவந்து, அதன் வாயை மூக்கால் அளந்தது.

"ஏன் கூடையக்கா, இதுக்குள்ள அவர் கொள்ளுவாரா?"