உள்ளே சொன்னது

“உன் பொண்ணு உள்ள போய் வாயே திறக்கக் கூடாது” என்றாள் சபைத் தலைவரின் மனைவி.

விசாரணை அறை வாசலில் மகளோடு காத்திருந்த தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபையின் பாட்டு வகுப்பு வாத்தியார் பதினோரு வயதுக் குழந்தையிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று மனு எழுதிக் கொடுத்து, நடையாய் நடந்து, மூன்று வாரம் கழித்து இன்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். தையல்காரி பிறந்ததிலிருந்து சபைதான் எல்லாம் என்று வளர்ந்தவள். வேறு எங்கே போவாள்?

“ஏன் பேசக் கூடாது? கேக்கறதுக்குத்தானே பெரியவங்க எட்டுப் பேர் உள்ள உக்காந்திருக்காங்க?”

“எந்திரி, போலாம்.”

தையல்காரி அசையவில்லை. தலைவரின் மனைவிக்குச் சபையில் ‘சாவியம்மா’ என்று பெயர். கட்டடத்துச் சாவியெல்லாம் இவள் இடுப்பில், சபை ரகசியமெல்லாம் இவள் வயிற்றில் என்று கேலி வேறு. புருஷன் பேரைக் காப்பாற்ற வந்துவிட்டாள்.

“உங்க வீட்டுக்காரர் அனுப்பினாரா?”

“அவருக்குத் தெரியாது.”

“நம்பிட்டேன். நீங்க தலைகீழா நின்னாலும் இன்னைக்கு என் பொண்ணு சொல்லாம போகமாட்டா.”

அதற்குள் கதவு திறந்தது. செயலாளர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். வழக்கமான உறுதிமொழிதான். உள்ளே சொல்வதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மாவும் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். சபையின் பெயர் இத்தனை காலம் கெடாமல் இருந்தது அந்தக் காகிதத்தின் புண்ணியத்தில்தான்.

தையல்காரி பேனாவை வாங்கினாள். மகளுக்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட அவள் தயார்.

சாவியம்மா காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “அம்மா, அது வந்து...” என்று செயலாளர் இழுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையிடம் கையை நீட்டினாள். குழந்தைக்கு என்ன தோன்றியதோ, பிடித்துக்கொண்டது. இருவரும் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்கள்.

தையல்காரி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். “நில்லுங்க. எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு. கையெழுத்துப் போடாதவரைக்கும் யாரும் உங்க ரெண்டு பேரையும் தடுக்க முடியாது.”

தையல்காரி ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். “அங்க... நீங்க எதுக்கும்மா?”

சாவியம்மா நடையைக் குறைக்கவில்லை.

“இவ முதல்ல சொல்லட்டும். அப்புறம் நான் சொல்லணும். இவ வயசுல அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டவ நான்.”