ஆமைக்குப் போன மீன்

"கொக்கு டீமா? கால்பந்துல அவங்க பண்ணாத தில்லுமுல்லு உண்டா?" என்று கத்தியது காக்கை. "ஒரு வருஷம் நாரைக்குக் கொக்குன்னு சர்டிபிகேட் வாங்கி ஆடவிட்டாங்க. போன வருஷம் ரெஃப்ரி ஆமைக்கு மீன் கொடுத்தே கப்பைத் தூக்கிட்டாங்க!"

கொக்கு அணியின் ரசிகனான மைனாவுக்குக் கோபம் வந்தது. "சும்மா கதை விடாதே. அதோ ஆமையே வர்றாரு, கேட்டுடுவோம்."

காக்கை மெல்ல நழுவப் பார்த்தது. அதே ஆட்டத்துக்காகக் காக்கை அணி சார்பில் ஆமைக்கு ஒரு கூடை நத்தை கொண்டுபோய்க் கொடுத்ததே அதுதான். மீனுக்கு முன்னால் நத்தை எடுபடவில்லை.

"கொக்குங்க மீன் கொடுத்தது உண்மைதான்," என்ற ஆமை, காக்கையை ஏற இறங்கப் பார்த்தது. "வேற யாரு என்ன கொடுத்தாங்கன்னு ஞாபகம் இல்லை."

அப்பாடா! காக்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா மைனா," என்றது, "இவரை மாதிரி நேர்மையான ரெஃப்ரி எங்கே கிடைப்பாரு!"