தூங்குமூஞ்சி டிரைவரின் லாரி

“அந்தம்மாவை யாருப்பா வண்டிகிட்ட விட்டது? பெயின்ட் இன்னும் சரியா காயலை.”

மேனேஜர் போட்ட சத்தத்தில், துடைப்பத்தோடு நின்றிருந்தவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். தொட்டது உண்மைதான். டிரைவர் பக்கத்துக் கதவை, ஒரே ஒரு விரலால்.

“உன் வீட்டுக்காரன் இந்த வண்டியைப் பண்ணினது போதாதா? நீ வேற வந்துட்டியா?”

லோடுமேன்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது பழகிப்போன சிரிப்பு. அந்த லாரி ஷெட்டைக் கூட்டிப் பெருக்க வந்த நாளிலிருந்து அவளுக்குப் பேரே ‘தூங்குமூஞ்சி டிரைவர் சம்சாரம்’தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான் என்று பேச்சு. இறக்கத்தில் வந்த லாரி நிற்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவனும் போனான், கூட இருந்த கிளீனரும் போனான். “ராத்திரி பகல் பார்க்காம ஓட்டுவான், கண் அசந்திருப்பான்” என்று முதலாளிதான் போலீஸிடம் சொன்னார். முதலாளியே சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்வது?

கிளீனரின் அம்மா இன்றைக்கும் இவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள், வேறு என்ன செய்வாள்?

சொல்லப்போனால் இவளும் நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அலுத்துப்போய்ப் படுத்தவனைக் கண்மூட விட்டாளா? கூரை ஒழுகுது, குழந்தைக்குக் காய்ச்சல், உங்களுக்கு என்ன கவலை என்று நச்சரித்துத் தள்ளிவிட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். போனவன் போனவன்தான்.

‘நான்தான் கொன்னேன். ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன்.’ ஷெட்டைப் பெருக்கும்போதெல்லாம் அவளுக்குள் இதுதான் ஓடும். இல்லை என்று சொல்ல ஆள் வேண்டுமே.

“விடுய்யா, தொட்டா தொட்டுட்டுப் போறா. அவளுக்கும் இது பழகின வண்டிதான்” என்றபடி வந்தார் முதலாளி.

அப்படி ஒரு மனசு முதலாளிக்கு. வண்டியை நொறுக்கியவனின் பெண்டாட்டிக்குக் கூப்பிட்டு வேலை கொடுக்க யாருக்கு மனசு வரும் என்று ஊரே பேசியது. அவளும் அதைச் சொல்லித்தான் பிள்ளையை வளர்த்தாள்.

பள்ளத்திலிருந்து தூக்கி வந்த பிறகு ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துச் செடி முளைத்துக் கிடந்த வண்டி அது. இன்றைக்குப் பழைய வண்டிகளின் ஊர்வலமாம். நீண்ட மூக்கு, மரப் பலகை அடித்த பாடி, அமுக்கினால் பாம் பாம் என்று கத்தும் ரப்பர் ஹாரன். எல்லாவற்றையும் தேடித் தேடி மாட்டியிருந்தார் முதலாளி.

“இதுதான் என் முதல் லாரி. இது இல்லேன்னா நான் இல்லே” என்று கேமராக்காரர்களிடம் சொன்னார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்னிஷ் பூசிய ஒரு மரக்கட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“இது என்ன தெரியுதா? இறக்கம் வந்தா போதும், கிளீனர் இதைத் தூக்கிட்டுக் குதிச்சு, வண்டிகூடவே ஓடி, சக்கரத்துக்கு முன்னாடி போடுவான். என்ன சுறுசுறுப்பு, என்ன விசுவாசம். அந்த மாதிரி ஆளுங்க இப்ப எங்கே இருக்காங்க? அது ஒரு காலம்.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

அவளுக்குப் புருஷனின் கால் ஞாபகம் வந்தது. நல்ல தூக்கத்திலும் வலது கால் மட்டும் விடாமல் உதைத்துக்கொண்டே இருக்கும். “பாய்லயும் லாரிதான் ஓட்டறீங்களா?” என்று கேலி பண்ணுவாள். “மிதிச்சு மிதிச்சுப் பழகிடுச்சுடி” என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுப்பான். அந்தக் காலைக்கூட அன்றைக்கு நீட்ட விடவில்லையே, பாவி.

தயங்கித் தயங்கி முதலாளியிடம் போனாள்.

“என்னம்மா?”

“முதலாளி, வண்டிதான் பழையபடி ஆயிடுச்சே. அவரு தூங்கினதுக்கு நான்தான் காரணம். வீட்டுல நான்தான் படுக்க விடலை. அவரை மன்னிச்சுட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

கேமராக்கள் திரும்பின.

முதலாளி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“எப்பவோ மன்னிச்சுட்டேன்மா. தூக்கம் என்ன சொல்லிக்கிட்டா வருது? மனசுல வெச்சுக்காதே.”

“தங்கமான மனுஷன்” என்றார் யாரோ. அவள் பொங்கிப் பொங்கி அழுதாள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

இன்ஜின் உறுமியது. முதலாளியின் பேரன் உள்ளே உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்குத்தான் முகமே சரியில்லை.

“மாமா, போற வழியில பெரிய இறக்கம் இருக்கே. இந்தப் பழைய வண்டியில குழந்தையை அனுப்பறது எனக்கு பயமா இருக்கு.”

கும்பிட்ட கையை அவள் இன்னும் இறக்கவில்லை. முதலாளி மருமகள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“என் பேரனை ஏத்தி அனுப்பறேன், இதைக்கூடப் பார்க்காம இருப்பேனாம்மா? இந்த வண்டிக்கு அந்தக் காலத்துலேர்ந்தே பிரேக் பிடிக்காது. முதல் வேலையா அதைத்தான் மாத்தினேன்.”