தண்டில்லாத போல்ட்

“எந்தப் படுபாவி செஞ்ச வேலைம்மா இது? அவன் கையில ஸ்பானரைக் குடுத்தவனை முதல்ல உதைக்கணும்!”

பட்டறைக்காரர் குவாபாரா போட்ட சத்தம் நுமாதா ஊருக்கே கேட்டிருக்கும். காருக்குள் விட்டிருந்த தலையை வெளியே எடுத்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சின்னக் கண்ணாடி.

“என்ன முதலாளி ஆச்சு?” என்றாள் சுமிரே.

“நீயே வந்து பாரு. இன்ஜினுக்குப் பின்பக்கம் மூடி மேல வரிசையா போல்ட் இருக்கா? கடைசி போல்ட்டைத் தொடு.”

தொட்டாள். ஆடியது. குவாபாரா அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டார். வெறும் தலை. கீழே தண்டே இல்லை.

“பலத்தைக் காட்டி முறுக்கி மரையைக் காலி பண்ணியிருக்கான். வெளியே சொன்னா திட்டு விழும்னு, போல்ட் தலையை மட்டும் வெட்டிப் பசை போட்டு ஒட்டிட்டுப் போயிட்டான். அந்த வழியாத்தான் எண்ணெய் கசிஞ்சு, கொதிக்கிற புகைக்குழாய் மேல சொட்டுது. நீ மலைப்பாதையில ஏத்தியிருந்தேன்னு வை, தீப்பிடிச்சிருக்கும்!”

அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு வயது முப்பத்துமூன்று. எட்டு வருஷம் லாரி ஓட்டிச் சேர்த்த காசில் சுமிரே வாங்கியது. மாதக் கடைசிக்குள் தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் ரோட்டில் இறக்க முடியாது. எண்ணெய் சொட்டும் வண்டியை அங்கே எவரும் தேற்றிவிட மாட்டார்கள்.

“மத்த பட்டறையில என்ன சொன்னாங்க?”

“இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தச் சொன்னாங்க.”

“சோம்பேறிப் பசங்க! இது தங்கமான இன்ஜின்மா. கீழ இறக்கி, துளையைப் பெரிசாக்கி, புது மரை பதிச்சாப் போதும். மூணு லட்சம் யென்.”

“ரெண்டு.”

“ஏம்மா, இது என்ன காய்கறிக் கடையா?”

“காய்கறிக் கடைன்னா இன்னும் குறைச்சுல்ல கேட்டிருப்பேன்.”

“அடி வாங்கி வாங்கித் தொழில் கத்துக்கிட்டவன் நான். என் வேலையில ஒரு குத்தம் சொல்லு, அப்புறம் பேரம் பேசு!”

தேநீரோடு வந்த அவர் மனைவி யாசுயோ, “கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன். போன தடவை எதிர்வீட்டுக்காரர் சண்டைன்னு நினைச்சு ஓடியே வந்துட்டார்” என்றாள்.

“பேசுவேன்! அந்தத் திருட்டுப் பய மட்டும் என் கையில கிடைக்கட்டும்…”

சுமிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “கிடைச்சா?”

“உன் முன்னாடி தரையில நெத்தி முட்ட மன்னிப்புக் கேக்க வைப்பேன். ஒத்தை யென் வாங்காம அவன் கையாலேயே சரிபண்ண வைப்பேன்.”

“உதிரிச் சாமான் செலவு?”

“அதுவும் அவன் தலையில!”

“மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடுவானா?”

“முடிக்கணும்! முதுகு வலி, முழங்கால் வலின்னு இழுத்தான்னா நான் விட்டாத்தானே?”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“குவாபாரா சொன்ன சொல் மாறினதா இந்த ஊர்ல எவனாவது சொல்லட்டும், கடையை மூடிடறேன்.”

“அக்கா, நீங்கதான் சாட்சி” என்றாள் சுமிரே, யாசுயோவிடம்.

பிறகு கைப்பையைத் திறந்து காரின் பராமரிப்புப் புத்தகத்தை எடுத்தாள். வண்டி பிறந்த நாளிலிருந்து அந்த மூடியை ஒரே ஒரு தடவைதான் கழற்றியிருந்தார்கள். தகாசாகியில், எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையில். செய்தவர் கையெழுத்துக்குப் பதிலாக அவர் பெயர் பொறித்த ஒரு சிவப்பு முத்திரை. அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

யாசுயோதான் முதலில் குனிந்து படித்தாள்.

“ஏங்க… இது உங்க முத்திரைதானே? நம்ம கல்யாணத்துக்கு முந்தி நீங்க இந்தத் தகாசாகி பட்டறையிலதானே வேலை பார்த்தீங்க?”

குவாபாரா பக்கத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

“அப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசும்மா… அந்த முதலாளி விரட்டு விரட்டுன்னு விரட்டுவார்… ஆனா ஒண்ணு, இத்தனை வருஷம் அந்தப் பசை தாங்கியிருக்கு பாரு…”

சுமிரே போல்ட் தலையை எடுத்து முத்திரையின் மேலேயே வைத்தாள்.

“ஏழு பட்டறை ஏறி இறங்கி அந்த ஆளைக் கண்டுபிடிச்சிருக்கேன், முதலாளி. நெத்தி முட்ட வேண்டாம், அதை மட்டும் தள்ளுபடி பண்ணிடறேன். இருபத்தெட்டு வருஷமாச்சு, இப்பவாவது வந்து சரிபண்ணச் சொல்லுங்க அவரை!”