துணிக்கடைப் படி

முதல் அடி தோளில் விழுந்தபோது, எதிர்ப்பக்கம் நின்ற வேனுக்குள் கேமராமேன் இருக்கையின் நுனிக்கு வந்தான்.

படியில் சுருண்டு கிடந்தது அவனுடைய தங்கை.

வீடற்றவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. இந்த ஊர் எவ்வளவு இரக்கமில்லாதது என்று ஊருக்கே காட்டுவோம் என்று சொல்லியிருந்தார் இயக்குநர். அதனால் துணிக்கடைக் காவலாளியிடம் யாரும் வாயே திறக்கவில்லை. தங்கை பின்தெருவில் மேக்கப்பை முடித்துக்கொண்டு, கந்தல் உடுத்தி வந்து கடைப் படியில் படுத்துக்கொள்ள வேண்டும். காவலாளி அதட்டுவான், மிஞ்சிப்போனால் கையைப் பிடித்து இழுப்பான். அவ்வளவுதான் திட்டம்.

இந்த வேடத்துக்காக இயக்குநரின் வாசலுக்கு ஆறு மாதம் நடையாய் நடந்தவன் அண்ணன்தான். சின்ன வயதில் அவள்மேல் கல்லெறிந்த பக்கத்து வீட்டுப் பையனின் மூக்கை உடைத்தவனும் அவன்தான்.

காலையிலிருந்து வேனுக்குள் அடைந்து கிடந்ததால் மேக்கப் போட்ட முகத்தை அவன் பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், அழுக்கு மூட்டையாய் ஓர் உருவம் தள்ளாடி வந்து படியில் சரிந்தது. நம்ம பாப்பாவா இது என்று மலைத்துப்போய்ப் பொத்தானை அழுத்தினான்.

காவலாளி அதட்டவில்லை. தடியைத்தான் எடுத்தான்.

இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது, தடுக்க வந்த கையில். ஒரு விரல் பின்பக்கமாக மடங்கியது லென்ஸில் துல்லியமாகத் தெரிந்தது. கடையிலிருந்து வெளியே வந்த ஒருவன் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, தன் பங்குக்கு இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டுப் போனான்.

கேமராமேன் எழுந்தான். இயக்குநர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னும் ஒரு நிமிஷம்டா. என்னமா தாங்குறா பாரு.”

அடுத்த அடியில் நெற்றி பிளந்தது.

அதன்பிறகு யார் பிடித்தும் அவன் நிற்கவில்லை. கையில் அகப்பட்ட இரும்பு ஸ்டாண்டோடு தெருவைக் கடந்தான். காவலாளி திரும்புவதற்குள் தாடையில் ஒன்று வைத்தான். ஆள் கண்ணாடிக் கதவில் மோதி விழுந்தான். வாயெல்லாம் ரத்தமாய்க் கைகூப்பியவனை ஆத்திரம் தீருமட்டும் மிதித்தான். வேடிக்கை பார்த்த கூட்டம் பின்வாங்கியது.

பிறகு படியில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பாப்பா, பாப்பா என்று அரற்றியபடியே முகத்தில் ஒட்டியிருந்த சடையை விலக்கினான்.

யாரோ ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும்.

முதுகுக்குப் பின்னால் தங்கையின் குரல் கேட்டது. கந்தலும், கன்னத்தில் ஒட்டிய புண்ணுமாய் நின்றிருந்தாள். பசை காயவே இல்லை, அதுதான் தாமதம் என்றாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடியிலிருந்த தலையைக் கல்லில் இறக்கிவிட்டு எழுந்து, தங்கையைக் கட்டிக்கொண்டான். நல்லவேளை, நல்லவேளை என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உதட்டுரத்தத்தைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அப்போ இது உங்க ஆள் இல்லீங்களா?”

கேமராமேன் குனிந்து பார்த்தான். அந்தப் பெண் அடிபடாத கையால் அவன் கால்சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

“இல்ல” என்றான், காலை விடுவித்துக்கொண்டு.

காவலாளி தடியைத் தேடி எடுத்தான்.