எதிர்ப்பக்கம் மடித்த இலை

நிலவுச் சிறையிலிருந்து வரும் வீடியோக்களை எதிரிகளின் இயந்திரம் சலித்துத்தான் அனுப்பும். கைதிகளின் கண் சிமிட்டலையும் இருமலையும்கூட மாற்றிவிடும். ரகசியச் செய்தி எதுவும் தப்பாது.

இந்த முறை விருந்துக் காட்சி. கைதிகளை நன்றாக நடத்துகிறார்களாம். நிலவிலேயே வளர்த்த வாழை இலையில் பரிமாறியிருந்தார்கள். செண்பகத்தின் கணவன் தணிகாசலம் பாயசம்வரை ஒரு பிடி பிடித்தான். பிறகு அவனும் உடனிருந்த மூன்று வீரர்களும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள்.

"என்னடி இது! எழவு வீட்டுல மடிக்கிற மாதிரி மடிக்கிறான்?" மாமியார் பதறினார்.

செண்பகம் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே இங்க கை நனைக்க மாட்டோம்னு சொல்றாங்க அத்தை. நாலு பேரும் தப்பிக்கப் போறாங்க!"

உடனே ராணுவத்துக்குச் சொன்னாள். நால்வரும் தப்பி வந்தபோது நம் விண்கப்பல் தயாராக நின்றது.

அடுத்த வாரம் தணிகாசலம் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தான். அம்மா வைத்த ரசத்தில் உப்பு தூக்கல். இருந்தும் சாப்பிட்டு முடித்தான். அம்மா மட்டும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பக்கமாகத்தான் மடித்தான்.